பிராங்பேர்ட் சமையலறையும் வீட்டுழைப்பும்

கட்டிடத்தின் உள்ளமைப்பை அழகுணர்ச்சிக்குரிய விடயமாக மட்டும் நோக்குவது வசதி படைத்தோரின் பார்வையாகும். சுவரின் நிறத்தை வியப்போர், அச்சுவர்களுக்குள் நாள் முழுவதும் நின்று உழைப்பவர் யார் என வினவுவதில்லை. இவ்வினாவிலிருந்து தொடங்கிய ஆக்கங்களுள் குறிப்பிடத்தக்கது, ஒஸ்திரியக் கட்டிடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகருக்கென வடிவமைத்த சமையலறையாகும்.

ஏர்ன்ஸ்ட் மாயின் தலைமையில் அந்நகரில் எழுந்த குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது அமைந்தது. அகலம் ஏறக்குறைய 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். றெயில் வண்டிகளின் சமையற்கூடம் இதற்கு முன்மாதிரியாயிற்று. யன்னலின் கீழே வேலைமேசை, அமர்ந்து வேலைசெய்யச் சுழலிருக்கை, பண்டங்களுக்கு அலுமினியப் பெட்டிகள், மாவைப் புழு அண்டாதிருக்க ஓக் மரப் பெட்டி, ஈக்கள் நாடா என நம்பப்பட்ட நீலப்பச்சை நிறம். நடையும் குனிதலும் குறைந்தன. ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கிய தொழிலாளர் குடும்பங்களுக்கு இது சிறிய பேறன்று. (இதனை வடிவமைக்கும்வரை தாம் சமைத்ததே இல்லை என அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு.)

எனினும், அடியெண்ணிக்கையையும் நேரத்தையும் அளக்கும் இம்முறை எங்கிருந்து வந்தது? தொழிற்சாலையில் ரெயிலர் வகுத்ததை, கிறிஸ்ரின் பிரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி வீட்டுவேலைக்குப் பொருத்தினார். அவரது நூலை லிஹொட்ஸ்கி ஊன்றிக் கற்றார். தொழிற்சாலையில் மிச்சமாகும் நேரம் முதலாளியின் இலாபமாகிறது. சமையலறையிலோ உழைப்புக்குக் கூலியே இல்லை. வேலை இலகுவாயிற்றேயன்றி, அது யாருடைய வேலை என்பது மாறவில்லை. பிள்ளைகளைக் கவனிக்க வதிவறைக்குத் தள்ளுகதவு வைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் இருவர் சேர்ந்து வேலைசெய்ய அங்கு இடமில்லை. 1970களிற் பெண்ணிலைவாதிகள் இத்தனிமையையே கண்டித்தனர்.

இக்குறையை வடிவமைத்தவர்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது என்பது நமது கருத்து. அவர் பொதுவுடைமைவாதி, 1930இல் மாயுடன் சோவியத் ஒன்றியம் சென்றவர், நாசி எதிர்ப்பில் ஈடுபட்டு 1941இற் கைதாகி 1945வரை சிறையிருந்தவர். பொதுச் சமையலறை கொண்ட குடியிருப்புகள் பற்றிய விவாதம் அதற்கு முன்பே ஐரோப்பாவில் எழுந்திருந்தது. பிராங்பேர்ட் நகராட்சியோ தனிக்குடும்பத்தையே அலகாகக் கொண்டது. அவரது பென்சில் தாளைத் தொடுமுன்பே அத்தீர்மானம் எடுக்கப்பட்டுவிட்டது. சமையலறையின் செலவும் வாடகையிற் சேர்க்கப்பட்டது. மிக வறிய தொழிலாளருக்கோ அவ்வீடுகளின் வாடகை எட்டாததாகவே இருந்தது.