நண்பரின் கடிதமும் கணிப்பொறியின் நினைவும்

படித்ததை மறக்காத கருவி வேண்டும் என்பது பழைய ஆசை. 1945ஆம் ஆண்டிலேயே வானெவர் புஷ் என்னும் அமெரிக்க அறிஞர், ஒருவருடைய நூல்கள், கடிதங்கள், குறிப்புகள் யாவற்றையும் நுண்படச் சுருளில் சேமித்துத் தேடித் தரும் 'மெமெக்ஸ்' என்ற கருவியைக் கற்பனை செய்தார். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்த 'ரீகால்' அதன் வாரிசு எனலாம். ஆனால் மெமெக்ஸில் எதைச் சேமிப்பது என்பதை உரியவர் தீர்மானிப்பார்; ரீகாலோ கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக் கொள்கிறது.

சில வினாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து, அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து அட்டவணையிடுகிறது. இதற்கு வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் செய்யவல்ல தனிச் சில்லு வேண்டும். நாம் என்ன செய்து கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தால்தான் செயற்கை அறிவு நமக்கு நன்கு உதவும் என்பது இத்தகைய மென்பொருள்களை ஆதரிப்போர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை.

முதலில் வெளிப்பட்ட வடிவில், பிரித்தெடுத்த எழுத்துகள் எளிதில் படிக்கக்கூடிய தரவுத்தளத்தில் கிடந்ததை ஆய்வாளர்கள் காட்டினர். கண்டனம் எழுந்தது, வெளியீடு தள்ளிப்போயிற்று. 2025 ஏப்ரலில் வந்த வடிவில், நாமாக இயக்கினாலன்றி ரீகால் இயங்காது. படங்கள் மறையாக்கப்பட்டு நம் கணிப்பொறியிலேயே இருக்கும். திறக்க முகமோ கைரேகையோ காட்ட வேண்டும். நல்ல திருத்தங்களே!

ஆயினும் இவை யாவும் கணிப்பொறிக்கு உரியவரின் சம்மதத்தை மட்டுமே கருதுகின்றன. திரையில் தோன்றுபவை நம் எழுத்துகள் மட்டும்தானா? தோழி அனுப்பிய மருத்துவச் செய்தி, தம்பியின் கடன் கணக்கு, ஒரு நாளில் தானே அழியட்டும் என்று நண்பர் எழுதிய வரி ஆகியவையும் அங்கே தோன்றுமல்லவா? அவர்களை யார் கேட்டார்கள்? இதுவே ரீகாலின் அடிப்படைக் குறை. எவ்வளவு வலிய பூட்டும் இதைத் தீர்க்காது.

2025 மே மாதம் சிக்னல் என்னும் செய்திச் செயலி இதற்கு ஒரு தடுப்பு செய்தது. திரைப்படங்களை நகலெடுக்காமல் தடுக்க விண்டோஸில் உள்ள வசதியைக் கொண்டு தன் சாளரத்தை மறைத்தது. வேறு தகுந்த வழி செயலி எழுதுவோருக்குத் தரப்படவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. இதனால் பார்வைக் குறைபாடுள்ளோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான்கள் சரிவர இயங்காமல் போகலாம் என்பதால், விரும்பினால் தடுப்பை நீக்கவும் இடமளித்துள்ளது. ரீகாலை இயக்கியிருக்கும் ஒருவர் இத்தடுப்பை நீக்கினால், அவருக்கு எழுதும் நண்பருக்கு அது தெரிய வழியில்லை.