எத்தனாலிலிருந்து பியூட்டனால்: ஒரு மதிப்பீடு

எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் கனிமம். இதையே குழாயில் நிரப்பி, சுமார் 300 டிகிரி சென்டிகிரேடில் எத்தனால் ஆவியை அதன் வழியே செலுத்தினால் மறுமுனையில் பியூட்டனால் வெளிவருகிறது. ஜப்பானின் சாங்கி நிறுவனத்தைச் சேர்ந்த சுச்சிடா, ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் உவேடா முதலியோர் 2006-இல் இதை வெளியிட்டனர். பற்பசைக்காக இக்கனிமத்தைத் தயாரித்த நிறுவனம் ஆல்கஹால் வேதியியலுக்குள் புகுந்தது சுவையான செய்திதான்.

இந்தத் துறையைப் பற்றி எழுதுவோர் இரண்டு கூற்றுகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒன்று, பியூட்டனால் 76 விழுக்காடு வரை கிடைக்கிறது என்பது. மற்றொன்று, அது எத்தனாலைவிட ஆற்றல் மிக்க எரிபொருள் என்பது. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டும் பாதி உண்மைகள்.

முதலில் வினையைப் பார்ப்போம். பிரெஞ்சு வேதியியலார் மார்செல் கெர்பே 1899-இல் கண்டறிந்த வினை இது. எத்தனால் ஹைட்ரஜனை இழந்து அசிட்டால்டிஹைடு ஆகிறது. இரண்டு அசிட்டால்டிஹைடு மூலக்கூறுகள் இணைந்து, ஒரு நீர் மூலக்கூறு நீங்கிக் குரோட்டனால்டிஹைடு உண்டாகிறது. முன்பு இழந்த ஹைட்ரஜனை இது ஏற்றுப் பியூட்டனாலாகிறது. (இந்த வழியையே எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. மக்னீசியம் ஆக்சைடைக் கொண்டு ஆய்ந்த தென்னாப்பிரிக்கக் குழுவினர் 2003-இல், எத்தனால் மூலக்கூறுகள் நேரடியாகவே இணைகின்றன என்று வாதிட்டனர்.) பழைய முறையில் கரைந்த காரமே வினையூக்கி. வினையில் தோன்றும் நீர் அதைக் கெடுத்துவிடும். விளைபொருளிலிருந்து அதைப் பிரிப்பதும் தொல்லை. திண்ம வினையூக்கிகளை நாடியதன் காரணம் இதுவே.

ஜப்பானியர் ஆய்வில் உண்மையிலேயே போற்றத்தக்க பகுதி வேறொன்று. அபடைட்டில் கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள அணு விகிதம் முறைப்படி 1.67. அவர்கள் 1.59 முதல் 1.67 வரை விகிதத்தை மாற்றிப் பார்த்தார்கள். விகிதம் குறைந்தால் பரப்பின் அமிலத்தன்மை மேலோங்கி எத்திலீன் மிகுகிறது. கூடினால் காரத்தன்மை மேலோங்கிப் பியூட்டனால் மிகுகிறது. இவ்வளவு சிறிய மாற்றம் வினையின் திசையையே திருப்புகிறது! ஆனால் பத்திரிகைக் கட்டுரைகளில் இடம்பிடிப்பது இதுவன்று; 76 என்ற எண்தான்.

அந்த எண் எதைக் குறிக்கிறது? மாறிய எத்தனாலில் எவ்வளவு பங்கு பியூட்டனாலாயிற்று என்பதை. இதைத் தேர்திறன் என்பர். செலுத்திய எத்தனாலில் மாறியதோ சுமார் 15 விழுக்காடுதான். நூறு மாணவர் உள்ள வகுப்பில் பதினைந்து பேர் மட்டும் தேர்வெழுதிப் பதினொருவர் தேறினால், முக்கால் பங்கு தேர்ச்சி என்று பள்ளி விளம்பரம் செய்யலாமா? மாற்றத்தைக் கூட்டினால் தேர்திறன் குறைகிறது. தோன்றிய பியூட்டனாலும் சும்மா இருப்பதில்லை. மேலும் இணைந்து ஹெக்சனால், ஆக்டனால் என வளர்கிறது. பின்லாந்தில் அலுமினாவின் மீது நிக்கலைப் படியவைத்து 250 டிகிரியில் 80 விழுக்காடு தேர்திறன் பெற்றதாக 2012-இல் அறிவித்தார்கள். அங்கும் மாற்றம் 25 விழுக்காடு அளவே.

குறைந்த மாற்றம் தன்னளவில் குற்றமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அம்மோனியா ஆலைகளிலும் ஒருமுறை செல்லும்போது ஏறத்தாழ 15 விழுக்காடே வினைபுரிகிறது. எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் அம்மோனியாவைக் குளிர்வித்தாலே திரவமாகப் பிரிந்துவிடும். இங்கு எஞ்சும் எத்தனாலோடு நீரும் கலந்திருக்கிறது. சாதாரண வாலைவடித்தலால் எத்தனாலை எடையில் 95.6 விழுக்காட்டுக்கு மேல் தூய்மையாக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் சேரும் நீரை அகற்றாவிடில், அது வினையூக்கியின் கார முனைகளைப் பற்றிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். அகற்றுவதற்கு ஆகும் வெப்பச் செலவு தேர்திறன் அட்டவணையில் தெரிவதில்லை. வினையூக்கி எத்தனை மணி நேரம் உழைத்தது என்ற கணக்கும் பல கட்டுரைகளில் தேடினாலும் அகப்படாது.

இனி ஆற்றல். ஒரு லிட்டர் பியூட்டனால் ஒரு லிட்டர் எத்தனாலைவிட அதிக வெப்பம் தரும், ஐயமில்லை. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலிலிருந்து எவ்வளவு பியூட்டனால் கிடைக்கும்? 92 கிராம் எத்தனால் முழுவதும் பழுதின்றி மாறினாலும் 74 கிராம் பியூட்டனாலும் 18 கிராம் நீருமே வரும். அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு லிட்டர் சுமார் 780 மில்லிலிட்டராகச் சுருங்குகிறது. அந்த 92 கிராம் எத்தனாலை எரித்தால் கிடைப்பது 2734 கிலோஜூல். 74 கிராம் பியூட்டனாலில் 2676 கிலோஜூல். மொத்த ஆற்றல் கூடவில்லை. இரண்டு விழுக்காடு குறைகிறது. உலையைச் சூடாக்கும் செலவு இதற்கு மேல். பியூட்டனால் நீரை எளிதில் ஈர்ப்பதில்லை, பெட்ரோலுடன் நன்கு கலக்கும் என்ற நன்மைகள் மெய்யே. அவற்றுக்காக இந்த விலையைக் கொடுக்கலாமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மேற்சொன்ன குழுவினரே 2008-இல் தம் விளைபொருள் கலவைக்கு ‘உயிரிப் பெட்ரோல்’ என்று பெயர் சூட்டியபோது அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது.

என் கருத்தில், இந்த ஆய்வுகளுக்கு உரிய இடம் பெட்ரோல் பங்க் அன்று. வண்ணப்பூச்சுக் கரைப்பான்களுக்கும் அக்ரிலேட்டுகளுக்கும் வேண்டிய பியூட்டனால் இன்று பெரும்பாலும் எண்ணெயிலிருந்து பெறும் புரொப்பிலீனைக் கொண்டே தயாராகிறது. அங்கே பொருளுக்கு விலை அதிகம். ஹெக்சனாலும் ஆக்டனாலும்கூடக் கழிவல்ல, விற்பனைச் சரக்கு. எரிபொருளாகப் பார்க்கும்போது குறையாகத் தெரியும் 76 விழுக்காடு அந்தக் கணக்கில் வேறுவிதமாகத் தெரியும்.