வென்றியும் நடுகல்லும்: புறமரபில் விலங்குப் போரும் விலங்கறமும்

முன்னுரை

போர் மலிந்த சமூகத்தில் விலங்கின் துயர் குறித்துப் பேசுவது பொருந்துமா என்னும் வினா பல நிலைகளில் எழுப்பப்பட்டு வருகிறது. ஆப்கானித்தானத்தில் தாலிபான்களின் முதல் ஆட்சிக் காலத்தில் (1996–2001) தடைசெய்யப்பட்டிருந்த நாய்ச் சண்டை, அவ்வாட்சி வீழ்ந்தபின் மீண்டும் பெருங்கூட்டத்தை ஈர்க்கும் களியாட்டமாயிற்று. 2008 பிப்ரவரி 17 அன்று கந்தகார் அருகே நாய்ச் சண்டை காணத் திரண்டிருந்தோர் நடுவே நிகழ்ந்த தற்கொலைக் குண்டுவெடிப்பில் 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மனித உயிர்கள் இவ்வாறு மலிந்துபோன இடத்தில் நாயின் காயத்தைக் கணக்கில் கொள்வோர் யார் என்று கேட்பது இயல்பே. எனினும், போரையே திணையாக வகுத்துக்கொண்ட தமிழ்ப் புறமரபு இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டது என்பது இதுவரை போதிய அளவில் ஆராயப்படவில்லை. புறமரபில் விலங்குப் போர் பெறும் இடத்தையும், அதற்கு மாற்றாக அமையும் விலங்கற நோக்கையும் எடுத்துக்காட்டி, அவற்றைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் இன்றைய நிலையோடு பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இலக்கணத்தில் விலங்கு வென்றி

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வாழ்வைக் கூறுமிடத்து ஆட்டுக்கிடாயையும் சிவலையும் பொரவிட்டு மகிழும் காட்சியைக் காட்டுகிறது. ஆகவே விலங்குகளையும் பறவைகளையும் மோதவிடும் வழக்கம் சங்க காலத்திலேயே நகர வாழ்வின் ஒரு கூறாக இருந்தமை தெளிவு. ஆனால் அவ்வழக்கத்திற்கு இலக்கண ஏற்பு அளித்த நூல் புறப்பொருள் வெண்பாமாலையே ஆகும். சேர மரபினராகக் கருதப்பெறும் ஐயனாரிதனார், தம் நூலின் இறுதியில் அமைந்த ஒழிபில் ஏறுகொள் வென்றி, கோழி வென்றி, தகர் வென்றி, யானை வென்றி, பூழ் வென்றி, சிவல் வென்றி முதலியவற்றைத் துறைகளாக வகுத்துள்ளார்.

இவ்வைப்புமுறையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இத்துறைகள் வெட்சி முதலிய போர்த் திணைகளுள் வைக்கப்படவில்லை. உழவன் வென்றி, யாழ் வென்றி, சூது வென்றி, ஆடல் வென்றி, பாடல் வென்றி ஆகியவற்றோடு அவை ஒருங்கே நிற்கின்றன. ஒழிபு என்பது முன்னர்ச் சொல்லாது விடுபட்டதைத் தொகுப்பதேயன்றி இழிவைச் சுட்டுவதன்று. ஆயினும், கோழியின் வெற்றி போர்க்களத்தோடு சேராமல் கலைகளோடும் சூதோடும் சேர்ந்தமை, ஆசிரியர் அதனைப் போராக அன்றிப் போரின் போலியாகவே கண்டார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது. இன்று சேவற்கட்டைத் 'தமிழர் வீரம்' என்று கூறுவோர் இவ்வைப்புமுறையைக் கருதுவதில்லை.

இரண்டாவது, இப்பட்டியலில் நாய் இடம்பெறவில்லை. வேட்டுவர் வாழ்வில் நீங்காத துணையாக இருந்த நாய், ஒன்றோடொன்று மோதவிட்டு வெற்றி காணும் உயிராக வகுக்கப்படவில்லை. இவ்வின்மையை வைத்துமட்டும் பெரிய முடிவு எதற்கும் வருதல் இயலாது. ஆனால் நாய் பெற்ற இடம் வேறொன்று என்பதைக் கல்வெட்டுச் சான்று உணர்த்துகிறது.

2. நடுகல் பெற்ற நாயும் கோழியும்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், எருமைகளைக் காக்கும் முயற்சியில் மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டதாகும். அவனருகில் நாய் ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பதையும் கல்வெட்டு தெரிவிக்கிறது. வீரனுக்குரிய மூன்று கூறுகளாகிய பெயர், செயல், கல் ஆகியவை நாய்க்கும் வழங்கப்பட்டிருத்தல் குறிப்பிடத்தக்கது.

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும், செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த இந்தளூரிலும் கோழிகளுக்கு எடுத்த நடுகற்கள் கிடைத்துள்ளன. அரசலாபுரத்துக் கல் மேற்சேரிக் கோழியையும், இந்தளூர்க் கல் கீழ்ச்சேரிக் கோழியையும் சுட்டுகின்றன. இந்தளூர்க் கோழிக்குப் பொற்கொற்றி என்னும் பெயரும் உண்டு. சேரிக்குச் சேரி பகை கொண்டு கோழியைப் பொரவிட்டமையும், அக்கோழி ஊரின் மானத்தைத் தாங்கியமையும் இவற்றால் அறியலாகும்.

இவ்விருவகைக் கற்களையும் ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். கோவிவன் தன் கூட்டத்தைக் காக்கும் பொருட்டுக் கள்வரை எதிர்த்தது. பொற்கொற்றியோ மனிதரின் பகையைத் தன் உடலில் ஏற்றுப் பொருதது. முன்னதற்குக் கல் நன்றியின் அடையாளம். பின்னதற்கு அது பெருமிதத்தின் அடையாளம். விலங்கைப் பெருமைப்படுத்துவது வேறு, அதன் துன்பத்தை உணர்வது வேறு என்னும் உண்மையை இவ்வேறுபாடு புலப்படுத்துகிறது. சேவற்கட்டுக்குச் சார்பாகக் கோழி நடுகல்லைக் காட்டுவோர் இறந்தபின் அளித்த சிறப்பை உயிரோடிருந்தபோது காட்டிய அன்பாக மயங்கிக் கொள்கின்றனர்.

3. துன்பத்தை உணர்ந்த குரல்கள்

கோழிப் போரின் மறுபக்கத்தைக் கண்டவர் குறுந்தொகைப் புலவர் ஒருவர். அவருடைய இயற்பெயர் தெரியவில்லை. குப்பைக்கோழிகளின் தனிப்போரைத் தம் பாடலில் உவமையாக்கிய சிறப்பால் குப்பைக்கோழியார் என்றே அவர் வழங்கப்பெறுகிறார். அப்பாடலில் (305) வரும் கோழிகளை ஏவுவாரும் இல்லை, விலக்குவாரும் இல்லை. தானே ஓய்ந்தாலன்றி முடியாத அப்போரைத் தலைவியின் காமத் துயருக்கு அவர் உவமையாக்கினார். இங்கு வென்றது யாது என்னும் வினாவுக்கே இடமில்லை. வெற்றியின் சின்னமாக இருந்த கோழி வேதனையின் சின்னமாக மாறிவிடுகிறது. பார்ப்போன் நிலையிலிருந்து பொருவதன் நிலைக்குப் புலவரின் நோக்கு இடம்பெயர்ந்தமையே இம்மாற்றத்திற்குக் காரணம் எனலாம். போட்டியையும் பந்தயத்தையும் நீக்கிவிட்டால் சண்டையில் எஞ்சுவது நோவு ஒன்றே என்பதை ஓர் அகப்பாடல் காட்டியிருப்பது வியப்புக்குரியது.

புறப்பாடல்களிலும் இத்தகைய நோக்கு இல்லாமல் இல்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாடலில் (புறம். 9), போர் தொடங்குமுன் அரண் தேடுமாறு எச்சரிக்கப்படுவோர் வரிசையில் பசுக்கள் முதலில் நிற்கின்றன. அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் அவற்றின்பின் வருகின்றனர். போரில் காக்கப்பட வேண்டியோர் யாவர் என்று வகுத்தபோது விலங்கும் அதனுள் அடங்கியது. இதற்கு மாறாக, சேரமான் கணைக்காலிரும்பொறை தோற்ற போரைப் பாடும் களவழி நாற்பதில் யானைகளின் பிணங்கள் மலிந்து கிடக்கின்றன. அறம் கூறியதற்கும் களத்தில் நிகழ்ந்ததற்கும் இடையே நின்ற தொலைவை இவ்விரண்டையும் ஒருசேரக் கற்போர் உணர்வர்.

பிற்காலக் காப்பியங்கள் இவ்வறத்தை மேலும் விரித்தன. மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்கெனக் கட்டிய பசுவை மீட்டு, அதனால் ஊராரின் பகைக்கு ஆளாகிறான். சீவக சிந்தாமணியில் அந்தணரால் அடியுண்டு உயிர் பிரியும் நாய்க்குச் சீவகன் மந்திரம் ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவனுக்கு உற்ற துணையாகிறது. சமண, பௌத்தச் சார்பே இவற்றிற்குக் காரணம் என்று கூறி அமைவது போதாது. அச்சமயங்கள் தமிழில் வேரூன்றுவதற்கு இடந்தந்த உணர்வு முன்னரே இம்மண்ணில் இருந்தது என்பதைக் குப்பைக்கோழியாரின் பாடல் உணர்த்தும்.

4. தற்காலப் புனைவு காட்டும் விலை

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) விலங்கு வென்றியின் உள்ளீட்டைத் திறந்துகாட்டும் படைப்பாகும். தந்தையின் உயிரைப் பறித்த காரி என்னும் காளையை மகன் பிச்சி அடக்குகிறான். இதனோடு கதை முடிந்திருந்தால் அது வீரக்கதையாகவே நின்றிருக்கும். ஆனால் தன் காளை அடங்கியதைப் பொறாத ஜமீன்தார் அதனைச் சுட்டுக் கொல்கிறார். மனிதனின் மானத்தைச் சுமந்த விலங்கு, அம்மானம் குலைந்தபோது தன் உயிரை இழக்க நேர்கிறது. அடக்கியவன், அடங்கியது, உடையவன் ஆகிய மூவருள் தோல்வியை எதிர்பாராமலும் வெற்றியை விரும்பாமலும் களத்தில் நின்றது காளை மட்டுமே. செல்லப்பா இதனை அறவுரையாகக் கூறவில்லை. கதையின் முடிவே அதனைக் கூறிவிடுகிறது.

2011-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்ற ம. தவசியின் 'சேவல்கட்டு' நாவலும், அதே ஆண்டு வெளிவந்த 'ஆடுகளம்' திரைப்படமும் சேவற்களத்தை மனித உறவுகள் சிதையும் களமாகக் கொண்டன. 'ஆடுகளத்தில்' சேவல் வென்றபின்னரே ஆசானின் பொறாமை தொடங்குகிறது. களத்தில் சேவல்கள் பிரிக்கப்படுகின்றன, மனிதரோ பிரிக்கப்படுவதில்லை. கட்டுச்சேவல், வெத்தடி, கத்திக்கட்டு என விரியும் தொழிற்சொற்களின் வளம் இவ்வழக்கத்தின் பழமைக்கும் நுட்பத்திற்கும் சான்று. அப்பழமையையும் நுட்பத்தையும் மறுக்க வேண்டியதில்லை. அவையே நியாயமாகிவிடா என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

5. எல்லைப் பகுதிகளின் இன்றைய நிலை

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளும் தமிழர் செறிந்து வாழ்வன. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தின்பால் நின்ற இவற்றில் பண்பாட்டு வழக்கங்கள் எல்லைக்கோட்டை நோக்குவதில்லை. சித்தூர்ப் பகுதித் தோப்புகளில் பொங்கலையொட்டிய சேவற்கட்டும், அதன்பொருட்டுக் காவல்துறை மேற்கொள்ளும் கைதுகளும் செய்திகளாகி வந்துள்ளன. விலங்குகளைப் பொரவிடுதலை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் எல்லையின் இருபுறமும் குற்றமாக்குகிறது. 2017-இல் தமிழ்நாடு இயற்றி, 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்ற திருத்தம் ஏறுதழுவலுக்கு உரியதேயன்றிச் சேவற்கட்டுக்கு உரியதன்று.

விலங்கின் நலம் பற்றிய விவாதம் இங்குச் சேவலோடு முடிவதில்லை. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டம் மன்னார்க்காடு அருகே, வெடிபொருள் வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று ஆற்றில் நின்றவாறே உயிர்நீத்தது. இடுக்கியின் சின்னக்கானலில் அரிசிக்காக வீடுகளையும் கடைகளையும் உடைத்ததால் அரிக்கொம்பன் எனப் பெயர் பெற்ற யானையின் வரலாறு வேறுவகையானது. அதனைப் பிடித்துக் கும்கியாக்கும் முயற்சிக்கு எதிராக விலங்கு ஆர்வலர்கள் நீதிமன்றம் சென்றனர். பாலக்காட்டின் பரம்பிக்குளத்திற்கு மாற்றலாம் என்றபோது அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். 2023 ஏப்ரல் 29 அன்று பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அது, மே 27 அன்று எல்லை கடந்து கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாட்டு வனத்துறையினர் அதனைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுப் பகுதிக்குக் கொண்டு சென்றனர்.

இந்நிகழ்வில் யானைக்காகப் பேசியோரில் பலர் தொலைவில் வாழ்ந்தோர். யானையின் காலடியில் வாழ்ந்தோர் பழங்குடியினரும் தோட்டத் தொழிலாளரும். ஆகவே விலங்கின் மீதான இரக்கம் எளியோரின் துயரைப் புறக்கணிக்கும் வசதி படைத்தோரின் உணர்வே என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. முன்னுரையில் சுட்டிய கந்தகார் வினாவின் மற்றொரு வடிவம் இது.

6. பேகன் பாடல்கள் தரும் விடை

இவ்வினாவுக்குப் புறநானூற்றிலேயே விடை உள்ளது. இடுக்கி மலைத்தொடரை அடுத்த பழனி மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தவன். பரணர் அக்கொடை மடத்தைப் போற்றினார் (புறம். 141). அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தபோது கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனை இடித்துரைத்தனர் (புறம். 143–147). மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்காமை முரணாக அவர்களுக்குத் தோன்றிற்று.

அவர்கள் முன்வைத்த வாதத்தின் அமைப்பே இங்கு முதன்மையானது. மனையாள் துயருற்றிருக்க மயிலுக்கு ஏன் போர்வை என்று அவர்கள் கேட்டிலர். மயிலுக்கு அளித்ததைத் திரும்பப் பெறுமாறும் கூறிலர். மயிலுக்கு இரங்கிய அருளுடையோனே என்று விளித்து, அவ்வருளை இன்றிரவே அவளிடமும் காட்டுக என வேண்டினர். அதனையே தமக்குரிய பரிசிலாகவும் கேட்டனர். விலங்கின்மீது கொண்ட அருளை மனிதன்மீது கொள்ள வேண்டிய அருளுக்குப் பகையாக அவர்கள் நிறுத்தவில்லை. முன்னதனைப் பின்னதற்குப் பிணையாக்கினர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் தமிழ்ப் புறமரபில் விலங்கு குறித்த மூன்று நோக்குகள் உள்ளமை பெறப்படுகிறது. விலங்கை மனித மானத்தின் கருவியாக்கும் வென்றி ஒன்று. பெயரும் செயலும் உடைய உயிராக அதனை நினைவிற்கொள்ளும் நடுகல் மற்றொன்று. அதன் துயரைத் தன் துயராக உணரும் அருள் மூன்றாவது. இவற்றுள் முதலாவதை மட்டும் மரபெனக் கொண்டு, ஏனைய இரண்டையும் அயல் இறக்குமதி என ஒதுக்குவது மரபுக்குச் செய்யும் நீதியாகாது. அருளை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லைமலைகளில் வாழும் எளியோரை மறப்பதும் பேகன் செய்த பிழையே ஆகும். பழம்பாடல்களைச் சான்றாக நீதிமன்றங்களும் மேடைகளும் கேட்டுவரும் இக்காலத்தில், வென்றியைக் காட்டும் தமிழாய்வாளர் அதனோடு கோவிவனின் கல்லையும் கண்ணகியின் பொருட்டுப் புலவர் கேட்ட பரிசிலையும் சேர்த்தே காட்டுதல் கடனாகும்.