பக்கத்து வீட்டுப் பக்தர்கள்

நல்ல பிள்ளையை வைத்துச் சிரிப்பு மூட்டுவது கஷ்டம். வாலுப் பையன் என்றால் வந்து நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும். கல்லெறிவான், கண்ணாடி உடையும், கூட்டம் சிரிக்கும். சொன்ன பேச்சைக் கேட்டு, வேளைக்குச் சாமி கும்பிட்டு, பொய்யே வாயில் வராத பையனை வைத்துக்கொண்டு எழுதுகிறவன் என்ன செய்வான்? நம் சினிமா இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. போலிச் சாமியாரைக் காட்டிச் சிரிக்க வைத்தது, நிஜ பக்தனைக் காட்டி அழ வைத்தது. நிஜ பக்தனைக் காட்டியே சிரிக்க வைத்தவர்கள் ‘தி சிம்ப்சன்ஸ்’காரர்கள்.

1989 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இந்தக் கார்ட்டூன் தொடரில், ஹோமர் சிம்ப்சனின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸ். பரம பக்தர். அவருக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் ராட், இளையவன் டாட். டிவியில் எதைப் பார்க்கலாம், எதைத் தின்னலாம், எந்த வார்த்தையைச் சொல்லலாம் என்று எல்லாவற்றுக்கும் வேலி போட்ட வீடு. அந்த வேலிக்கு உள்ளே இரண்டு பையன்களும் ஆனந்தமாக இருக்கிறார்கள். அடைத்து வைத்திருக்கிறார்களே என்ற ஏக்கம் துளிகூடக் கிடையாது. தாங்கள் வேடிக்கையாக இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவை அவர்கள் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

வெதுருகுப்பம் பக்கத்து ஆட்களுக்கு ராடும் டாடும் அப்படியொன்றும் அந்நியர்கள் இல்லை. திருப்பதி மலை இத்தனை கிட்டே இருக்கிற ஊரில் புரட்டாசி சனிக்கிழமை எப்படி விடியும் என்று சொல்லவேண்டியதில்லை. நெற்றி நிறைய நாமம், கையில் துளசி சுற்றிய சொம்பு, வீடு வீடாக நின்று தொண்டை கிழிய ‘கோவிந்தா’ போட்டு அரிசி வாங்குகிற பொடியன்கள். வெயில் ஏற ஏற நாமம் வியர்வையில் கரைந்து மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கும். அரிசி போடுகிற அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். பையன் சிரிக்கமாட்டான், அவனுக்கு அது பெருமாள் காரியம். அத்தையின் சிரிப்பில் கேலி கிடையாது. அந்தச் சிரிப்பைத்தான் ஃபிளாண்டர்ஸ் பிள்ளைகளைப் பார்க்கும்போது நாம் சிரிக்கிறோம், தொடர் சரியாக எழுதப்பட்ட வருஷங்களிலாவது.

வெளியுலகம் படாமல் வளர்ந்த பக்திமான் சகோதரர்கள் நமக்கும் உண்டு: லவனும் குசனும். 1963-ல் வந்த ‘லவகுசா’வை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சி. புல்லையா தொடங்கி, பணமுடையால் நின்று, அவர் மகன் சி.எஸ். ராவ் முடித்த வண்ணப்படம். வால்மீகி ஆசிரமத்தைத் தாண்டி எதுவும் அறியாத இரண்டு சிறுவர்கள், தங்கள் அப்பாவின் கதை என்று தெரியாமலே ராமகதை பாடுவார்கள். ஊரே அழும். அந்தப் பையன்களுக்குப் பாடிய குரல்கள் பி. லீலாவுடையதும் பி. சுசீலாவுடையதும். ராடுக்கும் டாடுக்கும் பேசியவர்களும் பெண்கள்தான். ராட், பமீலா ஹேடன். டாட், நான்சி கார்ட்ரைட். பக்தியுள்ள பையனின் குரல் எப்படி இருக்கவேண்டும் என்பதில் கோடம்பாக்கமும் ஹாலிவுட்டும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. உடையாத, கரகரப்பில்லாத குரல். அதை நம்பாமல் இருக்க முடியாது.

நான்சி கார்ட்ரைட் சமாசாரம் இன்னும் ருசியானது. ஹோமரின் மகனும் தொடரின் மகா போக்கிரியுமான பார்ட் சிம்ப்சனுக்கும் அவர்தான் குரல். ஒரே தொண்டையிலிருந்து வாலும் வருகிறது, பக்தியும் வருகிறது. பார்ட்டின் பேச்சு அடித்தொண்டையில் உராய்ந்து வரும். டாடின் பேச்சு உதட்டருகே மெல்லிசாக நிற்கும், வாக்கியம் முடியும்போது ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கும். 1990 நவம்பரில் வந்த ‘டெட் புட்டிங் சொசைட்டி’ அத்தியாயத்தில் பார்ட்டும் டாடும் மினி கோல்ஃப் போட்டியில் மோதுகிறார்கள்.

அந்த அத்தியாயத்தின் கட்டுமானத்தையும் சொல்லவேண்டும். நெட்டின் வீட்டு பீர் தன் வீட்டு பீரைவிட உசத்தி, அவர் பிள்ளை அப்பாவிடம் அத்தனை பாசமாக இருக்கிறான், ஹோமருக்கு வயிறெரிகிறது. பந்தயம் கட்டுகிறார்: ஜெயிக்காத பையனின் அப்பா, மனைவியின் ஞாயிற்றுக்கிழமை உடையை உடுத்திக்கொண்டு பக்கத்து வீட்டுப் புல்லை வெட்டவேண்டும். கடைசிக் குழிக்கு வந்ததும் பையன்கள் இருவரும் களைத்துப்போய், சமம் என்று முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பந்தயம் ‘ஜெயிக்காத’ பையனைப் பற்றியது அல்லவா? இரண்டு அப்பாக்களும் பாவாடையோடு புல் வெட்டுகிறார்கள். பக்தனுக்கும் போக்கிரிக்கும் இடையில் அந்த ஒரு நிமிஷம் பேதமே இல்லை. பைத்தியம் பிடித்திருந்தது பெரியவர்களுக்குத்தான்.

ஆனாலும் உச்சம் என்று நான் சொல்வது 1995 அக்டோபரில் வந்ததை. சிம்ப்சன் பிள்ளைகளை அரசாங்கம் பெற்றோரிடமிருந்து பிரித்து, வளர்க்கச்சொல்லி ஃபிளாண்டர்ஸ் வீட்டில் ஒப்படைக்கிறது. அங்கே விளையாட்டு என்றால் பைபிள் கேள்வி-பதில்தான். ராடும் டாடும் அதற்கு, கிரிக்கெட் மட்டையைக் கண்ட நம் பிள்ளைகள் மாதிரி குதிக்கிறார்கள். பார்ட் திருதிருவென்று விழிக்கிறான். அப்புறம் அந்த வீட்டு டிவியில் பூனையை எலி குத்திக் கிழிக்கிற கார்ட்டூன் ஓடுகிறது. பூனையின் காதிலிருந்து வழிகிற சிவப்பு என்னப்பா என்று டாட் கேட்கிறான். ராஸ்பெர்ரி ஜாம் என்று நெட் சமாளிக்கிறார். அப்படியானால் அந்த எலி மாதிரி நானும் அண்ணனைக் கூரான எதையாவது வைத்துக் குத்தட்டுமா என்கிறான் பையன். கேட்கிற குரலில் விஷமம் கிடையாது, அனுமதி கேட்கிற அடக்கம் மட்டுமே. வேண்டாம் என்றதும் சரி என்று விட்டுவிடுகிறான். இதைவிடச் சிக்கனமாக ஒரு வளர்ப்பு முறையைச் சித்திரமாகத் தீட்டியதை நான் பார்த்ததில்லை. பக்தி அப்படியே இருக்கிறது, பையன்களும் அப்படியே இருக்கிறார்கள். பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பதில்தான் எழுதியவர்களின் கைத்திறன். வால்மீகி ஆசிரமத்துக்குப் பக்கத்து மனையில் ஹோமர் சிம்ப்சன் குடியிருந்தால் லவகுசர்களும் சிரிக்க வைத்திருப்பார்கள்.

பிற்காலத்து அத்தியாயங்களில் கை தளர்ந்துவிட்டது. எதைக் கண்டாலும் அலறுகிற பயந்தாங்கொள்ளிகளாக அந்தப் பையன்களை ஆக்கி, ஒரே நகைச்சுவையைத் திருப்பித் திருப்பி அரைத்தார்கள். அத்தையின் சிரிப்பு அங்கே கேலியாக இறங்கிவிட்டது. 2000 பிப்ரவரியில் அவர்களுடைய அம்மா செத்துப்போனது கதைக்காக அல்ல, குரல் கொடுத்த மேகி ராஸ்வெலுக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் பணத் தகராறு. கணக்குப் புத்தகத்தில் விழுந்த கோடு இரண்டு பையன்களைத் தாயில்லாப் பிள்ளைகளாக்கியது. (ராஸ்வெல் பிறகு திரும்பி வந்தார், கதையில் அம்மா திரும்பவில்லை.)

அந்தக் காயத்தைத் தொட எழுத்தாளர்களுக்குப் பத்தொன்பது வருஷம் பிடித்தது. 2019 டிசம்பரில் டாட், அம்மாவின் நினைவு மங்கிப்போகிறதே என்று கலங்கி, கடவுளே வேண்டாம் என்கிறான். நெட் என்ன செய்வதென்று தெரியாமல் அவனைப் பக்கத்து வீட்டில், ஹோமரிடம், கொண்டுபோய் விடுகிறார். முழு அத்தியாயமும் சீராக இல்லை. சொர்க்கத்துக் காட்சிகள் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் டாடுக்குக் கோபம் வருகிறது. அந்த மெல்லிய குரலை உடைக்காமலே கார்ட்ரைட் அதற்குள் கோபத்தைக் கொண்டுவருவதைக் கேட்க, பொறுமையோடு உட்காரலாம்.

பமீலா ஹேடன் 2024-ல் ஓய்வுபெற்றுவிட்டார். ராடைப் பழைய குரலில் கேட்க வேண்டுமென்றால் முந்தைய அத்தியாயங்களுக்குத்தான் போகவேண்டும். புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் கோல்ஃப் அத்தியாயத்தில் தொடங்கி, 1995-க்கு வரலாம். ராஸ்பெர்ரி ஜாமுக்குச் சிரிப்பு வரவில்லையென்றால் மேற்கொண்டு போகவேண்டாம்.