பறத்தலும் களவும்

எலென் சிக்ஸுவின் 'மெடூசாவின் சிரிப்பு' 1975-இல் பிரெஞ்சில் வெளியானது. மறு ஆண்டே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது அந்த ஆங்கிலப் பிரதியின் மங்கிய ஜெராக்ஸ்தான். பெண் எழுத்து பற்றிய என் முதல் கட்டுரை அதிலிருந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கியது: பறத்தல்.

பிரெஞ்சில் அந்தச் சொல் 'வொலே'. பறப்பதும் அதுதான், திருடுவதும் அதுதான். வினைத்திரிபில் வித்தியாசம் கிடையாது. பெயர்ச்சொல்லாக்கி 'வொல்' என்றாலும் விமானப் பயணமா களவா என்று அது தானாகச் சொல்லாது. புழக்கத்தில் யாரும் இதற்காகத் திணறுவதில்லை. பையை, பணத்தை என்று செயப்படுபொருள் கூட வந்தால் திருட்டு. பறவையோ விமானமோ எழுவாயாக நின்றால் பறத்தல். 'வொலர்' என்றால் திருடன் மட்டும்தான். பழக்கிய ராஜாளி பறந்துபோய்க் கவுதாரியைப் பிடிப்பதையும் முன்பு இதே வினையால் சொன்னார்கள். அந்த வேட்டைப் பேச்சிலிருந்துதான் திருட்டுப் பொருள் கிளைத்தது என்பார்கள் அகராதிக்காரர்கள். நம்மூரிலும் பருந்து கோழிக்குஞ்சை அடிச்சிட்டுப் போகுது, பஸ்ஸில் எவனோ பர்ஸை அடிச்சிட்டுப் போறான். ஆனால் 'அடி'யில் சிறகு இல்லையே.

சிக்ஸு செய்வது, பிரித்தறிய உதவும் அந்தச் செயப்படுபொருளை எடுத்துவிடுவது. பெண் மொழிக்குள் செய்யும் காரியம் இதுதான் என்கிறபோது இரண்டு பொருளும் ஒன்றாகத் திறந்துகொள்கின்றன. இது தற்செயல் இல்லை என்று அடுத்த பத்தியிலேயே விளக்கவும் செய்கிறார். ஆங்கிலத்தில் அடிக்குறிப்பு வேறு போட்டிருக்கிறார்கள். அத்தனையும் இருந்தும் நான் பறத்தலை மட்டும் எடுத்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வானம் எனக்கு வசதியாக இருந்தது.

அந்தக் கட்டுரையில் சிறகு, கூண்டு, வானம் என்று வந்த கவிதைகளாகப் பொறுக்கி அடுக்கியிருந்தேன். தாலாட்டு, பக்திப் பாடல், புராணம், ஆண்களின் வசவு இவற்றிலிருந்து சொல்லை உருவி வந்து வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்ட கவிதைகளை 'இரவல் மொழி' என்று ஒரே வரியில் ஒதுக்கினேன். சிக்ஸு சொன்னதைச் செய்திருந்தவை அவைதான். பறக்கிற பெண்ணை விமர்சகன் அண்ணாந்து பார்த்து ரசித்துக்கொண்டிருக்கலாம், அவன் சொத்து எதுவும் குறையாது. களவு அப்படியா? என்னைப்போல் எம்.ஏ. தமிழ் படித்தவன் பெட்டியிலிருந்தல்லவா சரக்கு போகிறது!

பறத்தல்–பறித்தல் என்று வைக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். ஓசை பொருந்துகிறதுதான். ஆனால் பறிப்பது வலியவன் வேலை, நேருக்கு நேர் நடப்பது. களவில் அந்த மிடுக்கு கிடையாது. கட்டுரையைத் திருத்தும்போது 'வொலே' என்றே விட்டுவிட்டேன். இரவல் மொழி என்ற வரியையும் அடித்துவிட்டேன்.