வகுப்பறை வரை வழிகாட்டுமா வைஃபை?

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இருப்பது போன்ற பழைய செங்கல் சுவர்கள் சித்திரை வெயிலைத் தடுப்பவை. வைஃபை அலையையும் அவை எளிதில் விடுவதில்லை. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சீக்கிரமே துவண்டுவிடும். ஒரு கல்லூரி வைஃபையைப் புதுப்பிக்குமுன், இலவசச் செயலியான வைஃபைமேனைப் போனில் திறந்துகொண்டு தாழ்வாரங்களில் நடந்துபார்ப்பது நல்லது. சிக்னல் மைனஸ் 67 டிபிஎம் அளவில் இருந்தால் வீடியோ வகுப்பு தடங்கலின்றி ஓடும். மைனஸ் 80-க்கு இறங்கினால் திணறல்தான்.

வைஃபை 6 கருவிகளுக்குச் செலவழிக்கலாம். வேகத்தைவிட, ஒரே வகுப்பில் அறுபது போன்களை நெரிசலில்லாமல் சமாளிப்பதே அதன் பெரிய பலன்.

உள்ளரங்க வழிகாட்டல் இதைவிடக் கடினம். நாகமலை அருகே பரந்துகிடக்கும் காமராசர் பல்கலைக்கழகம் போன்ற வளாகத்தில் துறைக் கட்டடத்தின் வாசல்வரை ஜிபிஎஸ் கொண்டுபோய் விட்டுவிடும். கான்கிரீட் கூரைக்குக் கீழே போனதும் தடுமாறும். மாடியா, கீழ்த்தளமா என்பதும் அதற்குப் பிடிபடாது.

இதற்கு ஒரு வழியை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பரம்வீர் பாலும் வெங்கட பத்மநாபனும் 2000-லேயே காட்டினார்கள். ஒவ்வோர் இடத்திலும் சிக்னல் பலத்தை முன்கூட்டியே அளந்து பதிந்துவைத்து, மடிக்கணினி காணும் அளவோடு ஒப்பிடுவது அவர்கள் முறை. இரண்டு மூன்று மீட்டர் துல்லியம் கிடைத்தது. ஆனால் மனித உடம்பின் நீர் அலையை உறிஞ்சும்; காலி வகுப்பில் எடுத்த அளவு, மணி அடித்துக் கூட்டம் வெளியே வந்ததும் மாறிவிடும். போதாததற்கு ஆண்ட்ராய்டு 9 முதல், ஒரு செயலி இரண்டு நிமிடத்தில் நான்கு முறைக்கு மேல் வைஃபையைத் துழாவ முடியாது. நடந்துகொண்டிருப்பவருக்கு அது எப்படிப் போதும்?

அதே ஆண்ட்ராய்டு 9-ல், 2018-ல் வந்த வைஃபை ஆர்டிடி இதைவிட நம்பகமானது. அலை போய்வரும் நேரத்தைக் கொண்டு அது தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது மூன்று கருவிகள் எட்டினால் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். நெட்வொர்க்கில் இணைய வேண்டியதில்லை என்பதால், சேர்க்கை நாளில் உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குக் கடவுச்சொல் தேவைப்படாது. கணக்கைப் போனே போடுவதால், யார் எங்கே நிற்கிறார் என்பது கல்லூரிக்குத் தெரியவும் வராது. மாணவிகள் படிக்கும் வளாகத்தில் இது மிக முக்கியம்.

குறையும் உண்டு. போன், கருவி இரண்டிலும் இந்த வசதி இருக்க வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இல்லை. இணையத்துக்காகத் தாழ்வாரம் நெடுக ஒரே வரிசையில் கருவிகளை மாட்டினால், நிற்பது இடப்பக்கமா வலப்பக்கமா என்று கணக்குக் குழம்பும். அவற்றை இருபக்கமும் மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். கேபிள் இழுக்கும்போதே இதை முடிவுசெய்யாத கல்லூரி, பிறகு சுவரை மறுபடி துளைக்க வேண்டிவரும். ஆர்டிடி இல்லாத போன்களுக்காக ஒவ்வொரு படிக்கட்டின் அருகிலும் அந்தத் தளத்தின் வரைபடத்தைத் திறக்கும் க்யூஆர் அட்டை ஒன்றையும் ஒட்டிவைக்கலாம்.