அழைப்பும் ஆசனமும்

குலமும் கல்வியும் செல்வமும் வினவாது மனிதர் யாவரையும் அழைப்பதே கிறிஸ்துவின் சுவிசேஷத்துக்குரிய தனிச்சிறப்பு. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பெருவிருந்து உவமையில், முதலில் அழைக்கப்பட்டோர் சாக்குச் சொல்லி விலகிக்கொள்ள, விருந்திடுபவன் தெருக்களிலும் வேலியோரங்களிலும் இருந்த ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் கூட்டிவரச் செய்து தன் வீட்டை நிரப்புகிறான். அவ்வழைப்பு தமிழ்நாட்டில் விடுக்கப்பட்ட விதத்தை அவ்வுவமை கொண்டே அளப்பது நியாயமாகும்.

1706-இல் டென்மார்க்கு அரசரின் ஆதரவில் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு, தம் பாஷையை ஜனங்கள்மீது சுமத்தாமல், தாமே சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார், பாடசாலைகள் நிறுவினார், 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். வேதம் ஓதும் அதிகாரம் சிலருக்கே உரியதென்ற நியதி வேரூன்றிய நாட்டில், ஒரு சமயத்தின் மூலநூலை எக்குலத்தாரும் கையிலேந்தி வாசிக்கலாம் என்று வழங்கிய அச்செயலின் மேன்மையை எவ்விதக் குறையும் அழித்துவிடாது.

ஆயினும், 1718-இல் அங்கே பிரதிஷ்டையான புது எருசலேம் ஆலயத்தினுள்ளே வேளாளர் முதலியோர்க்கு ஓரிடமும் பறையர் குலத்தார்க்கு வேறிடமுமாக ஆசனங்கள் பிரிந்திருந்தன. 1733-இல் வேளாள குலத்து ஆரோன் குருப்பட்டம் பெற்றார். பறையர் குலத்து ராஜநாயக்கனோ, உபதேசியாராகப் பல்லாண்டு அரும்பணி புரிந்தும், அவர் கையால் திருவிருந்து பெற மேற்குலத்தார் இசையார் என்ற அச்சத்தால் அப்பட்டம் பெறாமலே போனார். சாதி வெறும் லௌகிக ஏற்பாடே, காலப்போக்கில் கரைந்துவிடும் என்று மிஷனரிமார் கருதியதில் விவேகம் ஓரளவு உண்டு. சபை சிதறாமல் நின்றது. ஆனால் அதற்கான விலையைச் செலுத்தியவர், விருந்துக்கு வந்தும் ஓரத்தில் இருத்தப்பட்டவரே.

1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதிபேதம் உடனே ஒழிய வேண்டுமெனக் கட்டளையிட்டார். தஞ்சையில் பலர் சபையை விட்டு விலகினர். பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் எதிர்த்து எழுதினார். நூறாண்டுக்கு மேலாகச் சபையே பேணிவந்த வழக்கத்தை ஒரு நிருபத்தால் களைய முயன்றது அவசரமே. எனினும் நீதி அத்தியட்சர் பக்கமே நின்றது என்பது என் துணிபு.

ஆகவே, ‘வாருங்கள்’ என்று வாயிலில் நின்று கூறுவது அழைப்பின் பாதியே. வந்தவன் எவரருகில் அமர்கிறான், அவன் கையால் அப்பம் பெற எவர் சம்மதிக்கிறார் என்பது மறுபாதி. கல்லறைத் தோட்டத்திலும் சாதி பிரிக்கும் சபை இன்னும் இருக்குமாயின், பிறரை அழைக்குமுன் அது தன் வீட்டாரை ஒரே பந்தியில் அமர்த்தக் கடமைப்பட்டிருக்கிறது.